வளைவின் உச்சியில் ஒரு சாண்

கொமாசியா தன் தங்கையோடு பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தங்கை பொம்பீலியா கடல் தாண்டிப் போய்விட்டாளா என்றால் அதுவும் இல்லை. எதிர்வீடுதான். நடுவில் ஓடும் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையை நீட்டினால் விரல்கள் தொட்டுக்கொள்ளும். கொமாசியா வெங்காயம் வதக்கினால் பொம்பீலியாவுக்குக் கண் எரியும். பொம்பீலியா தும்மினால் இந்த வீட்டில் கொமாசியாவின் புருஷன் ஓரோன்ஸோ "நல்லா இரு" என்று சொல்ல வாயைத் திறப்பார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்.

செர்ராபியாங்காவின் பழைய ஊரில் இப்படிப் பேசாமல் வாழ்வதற்குத் தனித் திறமை வேண்டும். குன்றின் தலையில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. ஒருத்தர் மொட்டைமாடியில் தக்காளி காயப்போட வேண்டுமானால் இன்னொருத்தர் வீட்டுப் படியில் ஏறித்தான் போக வேண்டும். போதாததற்கு, அடுப்படிச் சந்து என்று நாங்கள் கூப்பிடும் இந்தச் சந்தில், இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே, மாடி உயரத்தில், ஒரு கல்வளைவு. அழகுக்குக் கட்டியது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மண்ணாங்கட்டி அழகு! இந்த வீடு அந்த வீட்டுக்கு முட்டு, அந்த வீடு இந்த வீட்டுக்கு முட்டு. வளைவை எடுத்துவிட்டால் இரண்டும் சந்துக்குள் குனிந்துவிடும்.

வளைவு ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. அதன் அடிவயிற்றில் இருக்கும் இரும்புக் கொக்கிகளில் குளிர்காலத்துக்கான சின்னத் தக்காளிக் கொத்துகள் தொங்கும். கீழே நிழலில் நான்கு நாற்காலி போட்டு ஆண்கள் சீட்டாடுவார்கள். சந்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் மாதா கோயிலுக்குப் போகும்போது அந்த வளைவுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்று போட்டோ எடுத்துக்கொள்வாள். கொமாசியா நின்றாள். நான்கு வருஷம் கழித்துப் பொம்பீலியா நின்றாள்.

எங்கள் ஊர் வெள்ளை ஊர். மழை முடிந்து வெயில் ஏறியதும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். ஆகஸ்டில் ரோக்கோ புனிதர் திருவிழா வருவதற்குள் முடித்துவிட வேண்டும். யாரும் உத்தரவு போட்டதில்லை. அடிக்காத வீட்டைப் பார்த்து ஊர் பேசுகிற பேச்சே போதும். வருஷத்துக்கு வருஷம் பூசிப் பூசிச் சுவர் மூலைகள் எல்லாம் உருண்டுவிட்டன. கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு சந்தில் நடந்தால் முதுகு வெள்ளையாகத்தான் வீடு திரும்பும்.

வளைவு இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால் அதில் பாதி இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. ஆனால் உச்சிப் பகுதியை யாரும் தனியாக அடிக்க முடியாது. அதற்கு ஒரு பலகை வேண்டும். பலகையின் ஒரு முனை இந்த வீட்டு மாடி ஜன்னலில், மறு முனை அந்த வீட்டு மாடி ஜன்னலில். நடுவில் மண்டி போட்டு அடிக்க வேண்டும். அப்பா இருந்தவரை அவர்தான் அடித்தார். இரண்டு வீடும் அப்போது அவருடையவை. பலகை நகராமல் இருக்க முனைக்கு ஒரு மகளை உட்கார வைப்பார். எதிர்வீட்டு ஜன்னல் கட்டை மட்டும் வெளிப்பக்கம் தேய்ந்து சரிவாக இருக்கும். அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கனமான ஆள் வேண்டும். பொம்பீலியா சின்ன வயசிலேயே கொழுகொழுவென்று இருந்தாள். "என் கனமான பொண்ணு அந்தப் பக்கம்" என்பார் அப்பா. அவள் அழுதுகொண்டே போய் உட்காருவாள்.

அப்பா போன பிறகு வீடு பிரிந்தது. பலகை கொமாசியா வீட்டில் தங்கிவிட்டது. சுண்ணாம்பு ஊறவைக்கும் கல்தொட்டி பொம்பீலியா வீட்டுக் கீழ் அறையில் தங்கிவிட்டது. அக்காளும் தங்கையும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். வருஷா வருஷம் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு வந்தது, ஜன்னலுக்கு ஜன்னல் பலகை போனது. புருஷன்மார்கள் முனையில் உட்கார்ந்தார்கள், பெண்கள் அடித்தார்கள்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன மேஜைவிரிப்பு வந்தது.

அம்மா கையால் பூவேலை செய்த விரிப்பு அது. திருவிழா விருந்துக்கென்று பொம்பீலியா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். கொமாசியா வளைவுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். பிரஷிலிருந்து ஒரு கொத்துச் சுண்ணாம்பு நழுவி விரிப்பின் நடுவில் விழுந்து, யாரும் பார்ப்பதற்குள் துணியை அரித்து ஓட்டை போட்டுவிட்டது. பொம்பீலியா சந்தே கேட்கக் கத்தினாள்: "அம்மா இருந்திருந்தா உன் கையை ஒடிச்சிருப்பா!" கொமாசியா பலகையில் இருந்தபடியே திருப்பிக் கொடுத்தாள்: "அம்மாவைப் பத்தி நீ பேசாத. கடைசி வரைக்கும் அவ கிடந்தது என் வீட்டுல!"

அம்மா செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொம்பீலியா விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள், உள்ளே போனாள், ஜன்னலைச் சாத்தினாள். அவ்வளவுதான்.

அந்த வருஷத்திலிருந்து பலகை கொமாசியா வீட்டு மாடி அறைக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் அவரவர் ஜன்னலில் நின்று, நீளக் கம்பில் பிரஷைக் கட்டி, வளைவில் அவரவர் பாதியை அடித்தார்கள். பலகை மாதிரி வாகாக இல்லாவிட்டாலும் கம்பு உச்சிவரை எட்டியிருக்கும். ஆனால் ஒரு சொட்டு அடுத்தவள் பக்கம் விழுந்தால் உலகமே இடிந்துவிடுமே! அதனால் இவளும் நடுக்கோட்டுக்கு அரைச் சாண் முன்னாலேயே நிறுத்தினாள், அவளும் அரைச் சாண் முன்னாலேயே நிறுத்தினாள். வளைவின் இரண்டு பக்கமும் பால் மாதிரி வெள்ளை. உச்சியில் ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் பட்டை.

சுற்றுலாக்காரர்களைக் கூட்டி வரும் ஒரு வழிகாட்டி அந்தப் பட்டையைக் காட்டி, இரண்டு பிரபுக்களின் எல்லைக்கோடு என்று கதை அடித்துவிட்டான். வெள்ளைத் தொப்பிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்து ஆகா என்றார்கள். கீழே சீட்டாடிக்கொண்டிருந்த ஓரோன்ஸோவும் பொம்பீலியாவின் புருஷன் கத்தால்தோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை விழுங்கினார்கள். சகலைகளுக்குள் ஒரு சண்டையும் கிடையாது. அவர்கள் பாட்டுக்குத் தினம் ஆடினார்கள்.

பட்டையில் மழைநீர் இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு கேப்பர் செடி முளைத்தது. அதன் மொட்டுகளை உப்பில் போட்டு வைத்து வருஷம் முழுக்க எல்லாவற்றிலும் போட்டுச் சாப்பிடுவோம். சுவரில் முளைத்த செடியைப் பிடுங்க எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்? கொமாசியா கொக்கிக்கம்பால் தன் பக்கத்துக் கிளையை இழுத்துப் பறித்தாள். பொம்பீலியா தன் பக்கத்தைப் பறித்தாள். செடி வருஷா வருஷம் தழைத்தது. வேர் எங்கே போகிறது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

கொமாசியா முட்டாள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷம், இறைச்சியைச் சுட்டும் விற்கிற ஒரு கசாப்புக் கடையின் நெருப்படுப்பு முன்னால் நின்று, கூட்டத்துக்கு நடுவே யாருக்கு எத்தனை இறைச்சி உருண்டை, யாருக்குக் காரம், யாருக்கு உப்புக் கம்மி என்று எழுதிக்கொள்ளாமல் பரிமாறினவள். மெலிந்த உடம்பு, கையெல்லாம் சூட்டுத் தழும்பு, வாய் மட்டும் ஊருக்குப் போதும். ஓரோன்ஸோ பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய பஸ்ஸில் ஏறி, நேரத்துக்கு எடுக்கவில்லை என்று அவரிடமே சண்டை பிடித்தவள். ஆனால் அந்த ஒரு சாண் விஷயத்தில் மட்டும் அவள் கண்ணை யாரோ கட்டிவிட்டார்கள்.

பிப்ரவரியில், மழை விடாமல் பிடித்த ஒரு வாரத்தில், வளைவின் உச்சியிலிருந்து ஒரு கல் பெயர்ந்து ஓரோன்ஸோவின் ஸ்கூட்டர் சீட்டில் விழுந்தது. சீட்டு கிழிந்தது. ஆள் யாரும் இல்லை, கடவுள் புண்ணியம். நகராட்சியிலிருந்து நுன்ஸியா என்ற இஞ்சினியர் பெண் வந்தாள். ஏணி போட்டு ஏறினாள், வெகுநேரம் பார்த்தாள், இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"உச்சியில மூணு கல்லு தளர்ந்து போச்சு. செடியோட வேர் உள்ள புகுந்து நெம்பியிருக்கு. மத்த இடமெல்லாம் நல்லாப் பராமரிச்சிருக்கீங்க, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. இந்த ஒரு சாணை மட்டும் யாரு விட்டது?"

சந்து மொத்தமும் வானத்தைப் பார்த்தது.

நுன்ஸியாவுக்குப் புரியவில்லை. அவள் பக்கத்து ஊர்க்காரி. நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டு வீட்டு மாடியிலயும் ஒரே நேரத்துல முட்டுக்கட்டை நிறுத்தணும். ஒரு வீட்டுல மட்டும் நிறுத்தினா பாரம் இன்னொண்ணு மேல போயிரும். ரெண்டு வீட்டுக்காரங்களும் கதவைத் திறந்து விட்டா, கல்வேலையை நகராட்சி பாத்துக்கும். ஒருத்தர் மாட்டேன்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது. வளைவை இறக்கிட்டு ரெண்டு வீட்டையும் பூட்ட வேண்டியதுதான். ஸ்டேஷன் பக்கத்துல ஃப்ளாட் தருவாங்க. ஈஸ்டருக்குள்ள முடிவு சொல்லுங்க."

"எங்க வீட்டுக் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு" என்றாள் கொமாசியா, இஞ்சினியரைப் பார்த்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பொம்பீலியா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். முட்டி வலி அவளுக்கு. "ஸ்டேஷன் பக்கத்து ஃப்ளாட்டுல லிஃப்ட் இருக்காம்மா?" என்று நுன்ஸியாவிடம் கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப எனக்கு அதுவே நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒவ்வொரு படியாக ஏறினாள்.



மறுநாள் கொமாசியா ஓரோன்ஸோவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த ஃப்ளாட்டைப் பார்க்கப் போனாள். குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வெளிச்சம் இருந்தது, குழாயில் வெந்நீர் உடனே வந்தது. சுவர்கூட வெள்ளைதான். கொமாசியா உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுத்துப் பார்த்தாள். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. பிளாஸ்டிக் பெயிண்ட். ஜன்னலைத் திறந்தாள். எதிரே யாருமில்லை, தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்.

"இங்க தும்மினா யாருக்குக் கேக்கும்?" என்றாள்.

"எனக்குக் கேக்கும்" என்றார் ஓரோன்ஸோ.

"உனக்குத்தான் காதே கேக்காதே, மனுசா."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். கொமாசியா வெளியிடத்தில் அழுது யாரும் பார்த்ததில்லை. ஓரோன்ஸோ பயந்துபோய்த் தன் தொப்பியைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். எதற்கு வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"நீ போய் உன் சகலைகிட்ட பேசு. அவன் அவகிட்ட சொல்லட்டும்" என்று அன்றைக்கே உத்தரவானது. ஓரோன்ஸோ சாயங்காலம் சீட்டாடப் போனார். இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னான்?"

"ரெண்டு ஆட்டம் நான் ஜெயிச்சேன்."

"நான் கேட்டதைக் கேட்டியா இல்லையா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். அவனும் ஏதோ கேக்கணும்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தான். ரெண்டு பேருக்கும் வாய் வரல."

வேறு வழியில்லாமல் கொமாசியா சாடைப் பேச்சில் இறங்கினாள். காலையில் ஜன்னலில் துணி உலர்த்தும்போது ஜெரேனியம் பூந்தொட்டியிடம் பேசினாள்: "கேட்டியாடி செல்லம், சிலருக்கு லிஃப்ட் வேணுமாம்! அப்பா முதுகு ஒடியக் கட்டிக் காத்த வீடு இடிஞ்சா இடியட்டும், நம்ம காலு நோகாம இருந்தாப் போதும்!"

எதிர் ஜன்னலில் பொம்பீலியா தன் பூனையைத் தடவிக்கொடுத்தாள். "பாத்தியா கண்ணு, முட்டி வலிக்கிறது முட்டி இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அம்மாவை வச்சுக்கிட்டவங்களே வீட்டையும் வச்சுக்கட்டும். நாம யாரு கேக்கறதுக்கு?"

கொமாசியா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சண்டை வளைவைப் பற்றியது இல்லை, மேஜைவிரிப்பைப் பற்றியதும் இல்லை என்பது அவளுக்கு என்றைக்குமே தெரியும். தெரிந்துகொண்டே பதினோரு வருஷம் துணி உலர்த்தியிருக்கிறாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம். கொமாசியா மாடி அறையில் இருந்த கட்டிலை நகர்த்தினாள். அம்மா படுத்திருந்த கட்டில் அது. அடியிலிருந்து பலகையை இழுத்தாள். தூசு, பழைய சுண்ணாம்புச் சொட்டுகள், அப்பா அடித்த ஆணிகளின் தழும்புகள்.

"ஓரோன்ஸோ! இந்த முனையைப் பிடி!"

"எதுக்கு?"

"பிடின்னா பிடி. கேள்வி அப்புறம்."

ஜன்னல் வழியாகப் பலகையை வெளியே தள்ளினார்கள். அது சந்துக்கு மேலே ஆடி ஆடிப் போய் எதிர் ஜன்னல் கதவில் டமாரென்று முட்டியது.

"எவன்டா அவன்?" என்று உள்ளிருந்து சத்தம். கதவு திறந்தது. பொம்பீலியா, இரவு உடையில், முடியைச் சுருட்டும் கிளிப்புகளைத் தலையில் மாட்டியபடி. மூக்குக்கு நேரே பலகையின் முனை. அதற்குப் பின்னால், அந்தக் கோடியில், அக்கா.

பதினோரு வருஷத்தில் முதல் முறையாக இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன இது?" என்றாள் பொம்பீலியா.

"பலகை."

"பலகைன்னு தெரியுது. எனக்கு முட்டிதான் போச்சு, கண்ணு போகல. என் வீட்டுக்குள்ள எதுக்கு வருதுன்னு கேக்கறேன்."

"பொம்பீலியா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

"என்னைக்கு?"

"என்னைக்குன்னு உனக்குத் தெரியும்."

பொம்பீலியா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அதுல என்ன தப்பு இருக்கு? அம்மா உன் வீட்டுலதான் இருந்தா. உன் கையாலதான் சாப்பிட்டா. நான் ஞாயித்துக்கிழமை வந்து எட்டிப் பாத்துட்டுப் போனவ. உண்மையைத்தான சொன்ன."

"பாதி உண்மைடி. மீதியை நான் சொல்லல." கொமாசியா பின்னால் இருந்த கட்டிலைக் காட்டினாள். "இந்தக் கட்டில் எங்க கிடந்துச்சு தெரியுமா? இங்க, இந்த ஜன்னலை ஒட்டி. குளிர் காத்து அடிக்குதேன்னு சுவர் ஓரமா நகர்த்தப் பாத்தேன். விடவே இல்ல. அழுதா. இங்க படுத்தா என்ன தெரியும் சொல்லு? வளைவு தெரியும். வளைவுக்கு மேல உன் சமையலறை தெரியும். நீ மாவு பிசையறது, நீ கத்தால்தோவைத் திட்டறது, நீ தனியா உக்காந்து பாடறது, எல்லாம். கிடந்தது என் வீட்டுல. நாள் முழுக்கப் பாத்துக்கிட்டுக் கிடந்தது உன்னை."

ஓரோன்ஸோ பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல, அக்கா?"

"கோவம்."

"யார் மேல?"

"உன் மேலதான். சோறு ஊட்டறது நான், துணி மாத்தறது நான். அவ என்னைப் பாக்கலையே!"

அதைச் சொல்லிவிட்டுக் கொமாசியா சிறுபிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பொம்பீலியா அழுதாள். கத்தால்தோ பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார், நிலைமையைப் புரிந்துகொண்டு சத்தமில்லாமல் காப்பி போடப் போனார்.

"எனக்கு முட்டி உண்மையாவே வலிக்குது" என்றாள் பொம்பீலியா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் ஒண்ணும் நடிக்கல."

"தெரியும். நீ ஏறுறப்ப விடற பெருமூச்சு இங்க வரைக்கும் கேக்குது. அந்தச் சுண்ணாம்புத் தொட்டி கிடக்கிற கீழ் அறையைக் காலி பண்ணு. அங்க கட்டிலைப் போட்டுக்கோ, அடுப்பை வச்சுக்கோ. படியே ஏற வேண்டாம்."

"தொட்டி எங்க போகும்?"

"என் வீட்டுக்கு வரட்டும்."

"ஆசையைப் பாரு! பலகையும் உனக்கு, தொட்டியும் உனக்கா?"

"சரி, பலகையை நீ வச்சுக்கோ."

பொம்பீலியா பலகையைப் பார்த்தாள். அவள் பக்கத்து முனை சரிவில் மெல்ல நழுவ ஆரம்பித்திருந்தது. "ஐயோ, இந்தக் கட்டை சரிவுன்னு மறந்துட்டியா?" என்று பதறி, பழக்க தோஷத்தில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். பலகை நின்றது. உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கொமாசியாவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத. நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றாள் பொம்பீலியா. ஆனால் அன்று மத்தியானமே கத்தால்தோ நகராட்சிக்குப் போய், இரண்டு வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் முட்டுக்கட்டைகள் வந்தன. இரண்டு மாடி அறையிலும் கூரை வரை மரத்தூண்கள். அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்துதான் அலமாரிக்குப் போக வேண்டும். கொத்தனார்கள் செடியைப் பிடுங்கியபோது முழங்கை நீளத்துக்கு வேர் வந்தது. அக்காளும் தங்கையும் அதைக் கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். "நீதான வருஷா வருஷம் மொட்டு பறிச்ச" என்றாள் ஒருத்தி. "நீ மட்டும் என்னவாம்?" என்றாள் மற்றவள். தளர்ந்த கற்களை இறக்கிச் செதுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் உட்கார வைத்தார்கள். வேலை நடந்த நாள் முழுக்கக் கொத்தனார்களுக்குச் சாப்பாட்டுப் போட்டி வேறு. இந்த வீட்டிலிருந்து அவரைப் பருப்பு மசியலும் கீரையும் போனால், அந்த வீட்டிலிருந்து இறைச்சிக் குழம்பு போகும். எது ருசி என்று கேட்டு அந்த மனிதர்களைப் படாதபாடு படுத்தினார்கள். தலைமைக் கொத்தனார் பெல்ட்டில் ஒரு ஓட்டையைத் தளர்த்திக்கொண்டுதான் ஊரைவிட்டுப் போனார்.

பொம்பீலியாவின் கட்டில் கீழ் அறைக்கு இறங்கியது. தொட்டி எங்கேயும் போகவில்லை. கட்டிலுக்குக் கால்மாட்டில் மூடி போட்டு அப்படியே கிடந்தது. அதன்மேல் பூனை தூங்கியது.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரம் எல்லாம் எடுத்தாயிற்று. வளைவின் உச்சியில் புதுச் சாந்து மட்டும் பழுப்பாக, சுண்ணாம்புக்குக் காத்துக்கொண்டிருந்தது. அது கொத்தனார் வேலை இல்லை, வீட்டுக்காரர் வேலை. காலைப் பூசை முடிந்து சந்து முழுக்க அங்கேதான் நின்றது. நுன்ஸியா அன்று ஊரில் இல்லை, நல்லவேளை. இருந்திருந்தால் அறுபத்துமூன்று வயசுக்காரியைப் பலகையில் ஏற விட்டிருக்க மாட்டாள்.

பலகை போனது. இந்த முனையில் ஓரோன்ஸோ உட்கார்ந்தார். அந்த முனையில், சரிவுக் கட்டையில், கத்தால்தோ உட்காரப் போனார்.

"நீங்க எழுந்திரிங்க. உங்களுக்கு எடை பத்தாது" என்றாள் பொம்பீலியா. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தாள். முந்தின நாள்தான் சலூனுக்குப் போய்த் தலைக்குக் கருஞ்சாயம் போட்டு வந்தவள். திருவிழாவுக்குத் தைத்த நீல கவுனை வேறு போட்டிருந்தாள். "அந்தக் கவுனை மாத்திட்டு வந்து உக்காரேன்" என்றார் கத்தால்தோ. "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு முனையில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

கொமாசியா வாளியோடு பலகையில் மண்டியிட்டு நகர்ந்தாள். நடுவுக்கு வந்தாள். கீழே சந்தின் கருங்கல் தளம் தெரிந்தது, அண்ணாந்த முகங்கள் தெரிந்தன. அவள் உயரத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனாலும் ஒருமுறை தலையைத் திருப்பி அந்த முனையைப் பார்த்துக்கொண்டாள். பொம்பீலியா இருந்தாள்.

பிரஷை முக்கி முதல் இழுப்பு இழுத்தாள். பழுப்பின்மேல் சுண்ணாம்பு முதலில் ஈரமாய், கலங்கலாய்த்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். தன் பாதியை முடித்தாள். நிறுத்தவில்லை. நடுக்கோட்டைத் தாண்டித் தங்கையின் பாதியிலும் அடித்தாள். கீழே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பிரஷை நன்றாக முக்கி, உதறாமல், சட்டென்று திருப்பினாள். ஒரு பெரிய கொத்துச் சுண்ணாம்பு பிரஷை விட்டுப் பறந்தது. நேராகப் போய்ப் பொம்பீலியாவின் உச்சந்தலையில் விழுந்தது. கருஞ்சாயம் போட்ட முடியிலிருந்து வெள்ளையாக வழிந்து தோளில் இறங்கி, நீல கவுனின் மடியில் தேங்கியது.

ஓரோன்ஸோ கண்ணை மூடிக்கொண்டார். பொம்பீலியாவின் வாய் திறந்தது. இரண்டு கையும் ஜன்னல் கட்டையில் ஊன்றின. அது எழுந்திரிக்கப் போகிறவள் கை. சந்தில் எல்லோரும் பார்த்தார்கள். நடுவில் மண்டியிட்டிருந்த கொமாசியாவும் பார்த்தாள். பிரஷ் அவள் கையில் அந்தரத்தில் நின்றது. பலகை லேசாக, ரொம்ப லேசாக, சரிவுப் பக்கம் அசைந்தது.

"பொம்பீலியா" என்றாள்.

பொம்பீலியா அக்காளைப் பார்த்தாள். ஊன்றிய கைகளைக் கட்டையிலிருந்து எடுத்தாள். எடுத்து, பலகையின் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னைவிட அழுத்தமாக உட்கார்ந்தாள்.

பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு? அப்பா உன் கையில பிரஷைக் குடுத்தாரே, அவரைச் சொல்லணும்! தலைக்குச் சாயம் போட்டு ஒரு நாள் ஆகல! இந்தக் கவுனை இனிமே யாரு போடுவா, நீ போடுவியா? உன் எலும்புக்கு இது நிக்குமா? ஏ கத்தால்தோ, மசமசன்னு நிக்காம ஈரத் துணி எடுத்துட்டு வாங்க, எரியுது!" கத்தால்தோ துணி கொண்டுவந்து தலையைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார். அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் அசையாமல் தலையை மட்டும் காட்டினாள். திட்டு நிற்கவில்லை. கீழே ஒருத்தர் சிரிக்க ஆரம்பிக்க, சந்து முழுக்கச் சிரித்தது. கொமாசியா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அடித்தாள்.

"அடிச்சிட்டேன், முடிஞ்சுது" என்றாள் கடைசியில்.

"எங்க முடிஞ்சுது? ஓரத்துல விட்டிருக்க பாரு, குருடி. அங்கயும் அடி. அவசரப்படாம நல்லா அடி." பொம்பீலியா புருவத்தில் இருந்த சுண்ணாம்பைத் தோளால் துடைத்துக்கொண்டாள். "நான் எங்கயும் போகல. இங்கதான் உக்காந்திருக்கேன்."

கொமாசியா பிரஷை மறுபடி வாளியில் முக்கினாள். இந்த முறை நன்றாக உதறிவிட்டு எடுத்தாள்.